பழைய காலமும் ஆவணிக் கலியாணமும்

வாசகர் கடிதம்:

நான் விசுவமடுவில் தோட்டமும் வயலும் செய்கிறேன். வயது 59. அப்பா 70களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே காணி எடுத்தவர். மிளகாய் போட்டுத்தான் எங்களை ஆளாக்கினார். அந்த நாட்களில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். போர்க்காலத்தில் வன்னிக்குப் பொருட்கள் வராமல் அரசு போட்ட பொருளாதாரத் தடை இருந்த காலத்தில்கூட ஒரு போத்தல் மண்ணெண்ணெயை நாலு வீடு பங்கிட்டது. இப்போது எல்லாம் காசு. வெட்டுக்கு ஆள் வராது, மெசின் வரும். செத்த வீட்டுக்கும் ஆட்கள் தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். கனடாவில் இருக்கும் தம்பி போன வருடம் தன் மகளின் கலியாணத்தைக் கிளிநொச்சியில் மண்டபம் எடுத்து, ட்ரோன் விட்டு நடத்தினார். வருகிற ஆவணியில் என் மகளுக்குக் கலியாணம். குறைவாகச் செய்தால் மானம் போகும் என்கிறார் மனைவி. பெர்மிட் காணியில் ஓர் ஏக்கரை ஈடு கொடுத்து பதினைந்து லட்சம் வாங்க ஒருவரோடு பேசி முடித்திருக்கிறேன். 2002இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்தபோது வந்த சந்தோஷம் கனகாலம் நிற்கவில்லை. 2012இல் மீளக்குடியேறியதில் இருந்து மனம் பழைய காலத்திலேயே நிற்கிறது. இரவில் நித்திரை இல்லை. நான் பழசைக் கதைக்கத் தொடங்கினால் மகன் எழுந்து போய்விடுகிறான். இது ஒரு வருத்தமா? காசு எங்கள் சனத்தைக் கெடுத்துவிட்டதா?

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் காணி. மற்றதையெல்லாம் ஆறுதலாகக் கதைக்கலாம், இது பொறுக்காது. கையெழுத்து வைக்காதீர்கள். பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப் பத்திரத்தில் தந்த காணி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருவது. பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்றினால் சட்டத்தில் செல்லாது. முத்திரை ஒட்டி, இரண்டு பேரைச் சாட்சி வைத்து எழுதினாலும் அப்படித்தான். செல்லாது என்றால் எனக்கு நட்டமில்லையே என்று எண்ணிவிடாதீர்கள். காசு தந்தவர் காணிக்குள் இறங்கி வேலி போட்டுவிடுவார். நீங்கள் முறையிடப் போகும்போது நிபந்தனையை மீறியவர் நீங்கள் என்று ஆகும். பெர்மிட்டே ரத்தாகும் நிலையும் வரலாம்.

நான் உளவளத்துணையாளர், காணிச் சட்டம் என் தொழில் இல்லை. ஆனால் வன்னியில் நித்திரை வரவில்லை என்று வருபவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டே போனால், பாதி வழியில் கடனோ காணியோ வந்து நிற்கும். அதனால் இவற்றையும் படிக்க வேண்டி வந்தது. பெர்மிட்டை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்கு ஒருமுறை போய் வாருங்கள். பின்னுரித்து, அதாவது அடுத்து காணி யாருக்குச் சேரும் என்பது, யார் பெயரில் பதிவாகி இருக்கிறது என்பதையும் அப்படியே பாருங்கள். அந்தக் காலத்தில் அப்பா பதிந்ததோடு நின்றுவிட்ட வீடுகள் இங்கே நிறைய.

ஈடு வேண்டாம் என்றதும் குழுக்கடன் பக்கம் திரும்பிவிடாதீர்கள். அந்தக் கடன் இங்கே பெண்களை என்ன பாடு படுத்தியது என்பது உங்கள் ஊருக்கே தெரியும். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசே பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்தது. நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்ற உச்ச வரம்பும் அந்த ஆண்டில்தான் வந்தது. உச்ச வரம்பே 35 என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கலியாணத்துக்கு அப்படி ஒரு கடன் வேண்டாம்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பழைய காலத்தை நினைத்து ஏங்குவது வருத்தம் இல்லை. முன்பு ஐரோப்பாவில் வைத்தியர்கள் இதை நோய் என்றுதான் எழுதினார்கள். இப்போது ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் செடிகிடிஸ், வைல்ட்ஷட் என்ற இருவர் நீண்ட காலம் இதை ஆராய்ந்தவர்கள். தனிமை கூடும்போது மனம் பழையதைத் தேடிப் போகிறது, போய் வந்ததும் நமக்கும் ஆட்கள் இருந்தார்கள் என்ற தெம்பு கொஞ்சம் கிடைக்கிறது என்பது அவர்கள் கண்டது. இன்னொன்றும் உண்டு. வயது போனவர்களிடம் வாழ்க்கையை நினைத்துச் சொல்லச் சொன்னால், பத்து வயதில் இருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் அதிகமாக வரும். எந்த நாட்டிலும் பெரும்பாலும் இப்படித்தான். உங்களுக்கு அது ஏறத்தாழ 1976இல் தொடங்கி 1996இல் முடிகிறது. மிளகாய்க் காலம் ஒரு பக்கம், தடைக்காலம் மறுபக்கம். உங்கள் கடிதத்தில் பொன்னாக மின்னுகிற இரண்டு காலமும் அவைதான்.

அந்த இரண்டையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். உங்கள் நினைவைப் பொய்யாக்குவதற்காக இல்லை. காசு மனிதரை என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கான விடை அந்த இரண்டு காலத்துக்குள்ளேயே கிடக்கிறது.

மிளகாய்க் காலத்தில் காசு இல்லாமல் இருக்கவில்லை, ஐயா. காசு வந்ததால்தான் அது நல்ல காலமாக இருந்தது. 1970இல் வந்த அரசு வெளிநாட்டுச் செலாவணி இல்லாமல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியில் இருந்து வருவது நின்றது. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த இளைஞர்கள்கூடத் தோட்டம் செய்ய வந்தார்கள். முற்றத்தில் பாயைப் போட்டு, பழத்தைப் பரப்பி, மழை இருட்டினால் வீடு முழுக்க ஓடிப்போய் அள்ளி, சாக்கில் போட்டுக் கட்டி வைத்தால் லொறி வாசலுக்கு வரும். கையில் காசு. உங்கள் அப்பா உங்களை ஆளாக்கியது அந்தக் காசில்தான். 1977இல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்து, மிளகாய் மறுபடி கப்பலில் வந்து இறங்கியதும் விலை விழுந்தது. மண்ணும் மனிதரும் கிணறும் அப்படியே இருந்தன, கொழும்பில் எடுத்த ஒரு முடிவு மாறியது.

அதே வருடங்களில் இதே நாட்டில் பாண் வாங்க விடியப்புறம் வரிசையில் நின்றார்கள். அரிசியை ஓர் அளவுக்கு மேல் ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போகவும் தடை இருந்தது. மலையகத் தோட்டங்களில் 1973, 74இல் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். அதற்குப் பிறகும், 1977 வன்முறைக்குப் பிறகும் அங்கிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள்தான் பல தோட்டங்களில் மிளகாய் ஆய்ந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் என்னிடம் வருகிறார்கள். காலையில் இருந்து குனிந்து ஆய்ந்த கை எரிவையும் அரைக்கூலியையும் பற்றி அம்மம்மா சொன்ன கதைதான் அவர்களுக்கு அந்தக் காலம். சிலருக்கு இன்னும் காணிப் பத்திரம் சரிவரவில்லை. உங்கள் வீட்டில் அவர்களை நல்லபடி நடத்தியிருக்கலாம், அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் ஒரு காலத்தைப் பொற்காலம் என்று சொல்லும்போது அது யார் வீட்டுப் பொற்காலம் என்றும் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தடைக்காலம் வேறு மாதிரி. நான் அதிகம் யோசிப்பதும் அந்தக் காலத்தைப் பற்றித்தான். பெட்ரோல் இல்லை, உரம் இல்லை, சீமெந்து இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு திரியில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடியது. மோட்டார் சைக்கிளை ஓட வைக்க ஊசியில் எடுத்த பெட்ரோலைக் காபரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு உதைப்பார்கள், பற்றியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையோடு போகும். அந்தச் சொட்டுப் பெட்ரோலை வைத்திருப்பவர் வீடு எது என்று ஊருக்குத் தெரியும். இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால் அந்த வீட்டைத்தான் தட்டுவார்கள். அவர் காசு கேட்க மாட்டார், ஏனென்றால் நாளைக்கு அவர் இன்னொரு வீட்டைத் தட்ட வேண்டும்.

அப்போது சனம் இன்றைக்கு விட நல்ல சனம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அது காசு கொடுத்தாலும் வாங்க ஒன்றும் இல்லாத காலம். காசு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மண்ணெண்ணெய்க்குக் காத்து நின்றார்கள். காசால் முடியாத இடத்தை மனிதர்கள் நிரப்பினார்கள். ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டார்கள், அவ்வளவுதான். (அந்தக் காலத்திலும் உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள்வழியாக, வெளிநாட்டுக் காசு வந்த வீடு கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது. அதையும் மறக்க வேண்டாம்.) பாதை திறந்து, கடை திறந்து, 2009க்குப் பிறகு வங்கியும் லீசிங்கும் வீட்டு வாசலுக்கு வந்ததும், காசுக்கு அதன் பலம் திரும்பக் கிடைத்தது. பெட்ரோல் செட்டில் பெட்ரோல் இருக்கும்போது யாரும் யாருடைய கதவையும் தட்டத் தேவையில்லை.

நல்லதுதான் அது. மருந்துக்கும் வெளிச்சத்துக்கும் இன்னொருவரின் இரக்கத்தை எதிர்பார்க்காத வாழ்க்கை நல்ல வாழ்க்கை. ஆனால் கதவைத் தட்டுகிற பழக்கமும் கூடவே போய்விட்டது. போனது தானாகத் திரும்பி வருவதும் இல்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு உண்டு, 2000ஆம் ஆண்டு வெளியானது. பிள்ளையைக் கூட்டிப் போகப் பிந்தி வரும் பெற்றோருக்குச் சிறு தண்டப்பணம் போட்டார்கள். பிந்தி வருவது குறையும் என்று எதிர்பார்த்தார்கள். அது ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கூடியது. முன்பு ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது, காசு கட்டத் தொடங்கியதும் அது கூலி கொடுத்த வேலையாகிவிட்டது. பிறகு தண்டத்தை எடுத்துவிட்டார்கள். பிந்தி வருவது குறையவே இல்லை.

உங்கள் வயலில் நடந்ததும் இதுதான். இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று இருந்த இடத்தில் முதலில் கூலி வந்தது, பிறகு மெசின் வந்தது. மெசினை விட்டுவிட்டு அரிவாளை எடுத்தால் பழைய ஆட்கள் வந்துவிட மாட்டார்கள்.

தம்பியோடு உள்ள இடைவெளிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அந்த இரண்டு மாதத்தில் வெளிநாட்டில் உழைப்பவர் ஒரு மணிநேரம் கூட அதிகமாக வேலை செய்யவில்லை. ஆனால் அவர் அனுப்புகிற காசு இங்கே ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டை விட 70 சதவீத அளவில் ஏறி நின்றது. நீங்கள் உரமும் இல்லாமல் டீசலுக்கு வரிசையிலும் நின்றீர்கள். தம்பி கெட்டிக்காரர் என்றோ நீங்கள் தோற்றவர் என்றோ இதில் ஒன்றும் இல்லை. அவருடைய மண்டபத்தோடு உங்கள் முற்றத்தை ஒப்பிட்டால், கனடா டொலரோடு நெல் விலையை ஒப்பிடுகிறீர்கள். அந்தப் போட்டியில் ஓர் ஏக்கர் இல்லை, இருக்கிற காணி முழுவதையும் கொடுத்தாலும் வெல்ல முடியாது.

இப்போது கலியாணம். ஒரு யோசனை சொல்கிறேன், மனைவியோடு சேர்ந்து யோசியுங்கள். மண்டபக் கலியாணத்துக்கு வருகிற அயலவருக்கு அங்கே செய்ய என்ன வேலை இருக்கிறது? வருகிறார், என்வலப்பைக் கொடுக்கிறார், படம் எடுக்கிறார், சாப்பிடுகிறார், போகிறார். எல்லா வேலையையும் காசு செய்துவிட்டது. நீங்கள் ஏங்குகிற காலத்தில் கலியாணத்துக்கு நாலைந்து நாள் முன்பே வீடு நிறைந்துவிடும். பலகாரச் சூட்டுக்கு ஒழுங்கை முழுக்கப் பெண்கள் வருவார்கள். பயத்தம் பணியாரத்துக்கு மா வறுபடும் மணம் றோட்டு வரை வரும். யாரோ ஒரு பெரியம்மா எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் அதட்டுவார். ஆண்கள் பந்தலுக்குக் கம்பு நடுவார்கள், வாழை கட்டுவார்கள், இரவில் கறிக்கு வெங்காயம் உரிப்பார்கள்.

அதைச் செய்யுங்கள். உங்கள் முற்றத்தில் செய்யுங்கள். கையில் காசு இல்லை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஆனால் யாரும் தானாக வர மாட்டார்கள், நீங்கள் போய்க் கேட்க வேண்டும். “பலகாரம் சுட வாங்கோ பிள்ளை, நீங்கள் வந்தால்தான் சரிவரும்” என்று ஒவ்வொரு படலையாகப் போய் நிற்க வேண்டும். காசு கொடுத்துப் பழகியவருக்கு இப்படிக் கேட்பது வெட்கமாக இருக்கும், அந்த வெட்கத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் சந்தோஷப்படுவார், ஏனென்றால் அவரையும் கனகாலமாக யாரும் எதற்கும் கேட்கவில்லை. சிலர் வர மாட்டார்கள். வந்தவர்களின் வீட்டில் அடுத்த நல்லது கெட்டதுக்கு நீங்களும் மனைவியும் போய் வேலையில் நிற்க வேண்டும். ஒருமுறை விட்டால் அறுந்துவிடும்.

மானம் போகும் என்று மனைவி பயப்படுவதைச் சின்னதாக எடுக்காதீர்கள். கதை கேட்கப் போவது அவர்தான், நீங்கள் இல்லை. மகளிடமும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் மகளுக்கு என்ன விருப்பம் என்று ஒரு வரி கூட இல்லை. மாப்பிள்ளை வீட்டோடும் நேராகக் கதையுங்கள், அவர்களுக்கும் இதே பயம் இருக்கலாம். தம்பி உதவ முன்வந்தால் வாங்குங்கள், அது கடன் இல்லை. ஆனால் ஒரு பொருளுக்கென்று வாங்குங்கள்: தாலிக்கோ கூறைக்கோ. அவர் பிறந்த வீட்டுக் கலியாணத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். முடிந்தால் பந்தல் போட வரச் சொல்லுங்கள். அவரும் அங்கே குளிரில் இதே மிளகாய்ப் பாயை நினைத்துக்கொண்டுதான் இருப்பார்.

மகனிடம் எங்கள் காலம் தங்கமான காலம் என்று தொடங்காதீர்கள். அந்தக் காலத்தில் பிறக்காத குற்றத்துக்கு அவன் என்ன செய்வான்? அதற்குப் பதிலாகக் கணக்கைச் சொல்லுங்கள். இறக்குமதி நின்றபோது அப்பா எத்தனை கன்று நட்டார், 77க்குப் பிறகு விலை விழுந்தபோது என்ன செய்தார், யாரிடம் கடன்பட்டார், யார் கைகொடுத்தார். தோல்வியையும் சொல்லுங்கள். மெசின் கட்டணமும் டீசல் விலையும் தெரிந்த இளைஞனுக்கு அது பழங்கதையாகக் கேட்காது.

கடைசியாக ஒன்று, ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் கண்டேன். அதில் 70கள் இருக்கிறது, தடைக்காலம் இருக்கிறது, 2002இல் பாதை திறந்தது இருக்கிறது. அடுத்த வரி 2012. நடுவில் ஒன்றுமே இல்லை. விசுவமடுவில் இருந்த ஒரு குடும்பம் 2009இல் எந்தத் திசையில் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். யாரை இழந்தீர்கள் என்று நான் இங்கே கேட்க மாட்டேன், நீங்கள் எழுதவும் வேண்டாம்.

ஆனால் உங்கள் நித்திரையைக் கெடுப்பது மிளகாய்க் காலம் இல்லை என்றே நான் நினைக்கிறேன். நினைக்க முடியாத வருடங்கள் நடுவில் கிடக்கும்போது, மனம் அவற்றைத் தாண்டிப் போய் அதற்கு முந்திய வருடங்களில் தங்கிக்கொள்ளும். இங்கே என்னிடம் வருகிற உங்கள் வயதுக்காரர் பலரிடம் இதைக் காண்கிறேன். இயக்கத்தின் காலத்தில் பெண் பிள்ளைகள் இரவில் பயமில்லாமல் போய் வந்தார்கள் என்று ஒரு தகப்பன் ஏங்குவார். பக்கத்தில் இருக்கும் தாய், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பதுங்க வைத்த இரவுகளை நினைத்து அழுவார். இருவர் சொல்வதும் உண்மை. அழ வேண்டியதை அழுது முடிக்க எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. முகாமில் இருந்து வந்ததும் வீட்டுத்திட்டம், கடன், தோட்டம், பிள்ளைகளின் படிப்பு என்று ஓடத் தொடங்கிவிட்டோம்.

இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, விழித்ததும் முதலில் கண்ணுக்குள் வருவது என்ன என்று மட்டும் ஒரு கிழமைக்குக் கவனித்துப் பாருங்கள். சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறதா, கனவில் அதே இடம் திரும்பத் திரும்ப வருகிறதா, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறதா என்றும் பாருங்கள். இதில் ஏதாவது இருந்தால் ஆவணி வரை பொறுக்க வேண்டாம். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். வைத்தியசாலைக்குத் தனியே போகாதீர்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் நித்திரை வருகிறதா என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.